பாட்டி டப்பால இருக்குற வெள்ளி ரூபா எந்த ரகம், எவ்ளோ தேறும்? வீட்டுலயே பாக்குறது எப்படி

வாரத்துக்கு ரெண்டு பேராவது வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பி "அண்ணே இது எவ்ளோ போகும்"னு கேக்குறாங்க. போட்டோல பாதி காயின், பாதி கட்டைவிரல், பின்பக்கம் எடுத்திருக்கவே மாட்டாங்க, எடை என்னன்னு கேட்டா "நல்லா கனமா தான் இருக்குண்ணே"ம்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்துட்டேன். சோழர் காசு, விஜயநகர காசு, சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த பைசா எல்லாத்தையும் இதுக்குள்ள இழுக்கப் போறதில்ல, அதெல்லாம் ஒவ்வொண்ணும் தனி கடல். நம்ம ஊரு வீடுகள்ல பூஜை ரூம்லயும் பீரோ லாக்கர்லயும் அதிகமா கெடக்குறது பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ஒரு ரூபா தான், 1835ல ஆரம்பிச்சு 1945 வரைக்கும் வந்தது, அத மட்டும் பாப்போம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. ரகம் வேற, அபூர்வம் வேற, விலை வேற. இந்த மூணையும் போட்டுக் குழப்புறதுல தான் பாதி பேரு ஏமாறுறாங்க, மீதி பேரு கைல இருக்குற நல்ல காயின உருக்கப் போட்டுடுறாங்க. ஒரே வருஷத்து காயின்ல நாலு ரகம் இருக்கலாம், நாலுமே மூட்டை மூட்டையா கெடைக்கலாம். ஒரு ரகம் நெஜமாவே அபூர்வமா இருக்கலாம், ஆனா அத தேடுறவங்க நாடு முழுக்க முப்பது பேரு தான்னா விலை ஏறாது. பாக்க சப்பையா இருக்குற ஒரு காயின் லட்சக்கணக்குல போகும். இது மூணுக்கும் கீழ உதாரணம் வருது.

காயின் கைல கெடைச்சதும் நீங்க செய்ய வேண்டிய முதல் வேலை, ஒண்ணும் செய்யாம இருக்குறது. புளி போட்டுத் தேய்க்காதீங்க, விபூதி வேண்டாம், பல்லு வெளக்குற பேஸ்ட் வேண்டாம், கொலுசுக்கு பாலிஷ் போடுறவர்கிட்ட குடுக்கவும் வேண்டாம். எனக்கு 14 வயசு இருக்கும்போது தாத்தா பெட்டில இருந்து ஒம்போது விக்டோரியா ரூபா கெடைச்சுது, எல்லாம் ஒரு மாதிரி கருநீலமா, ஓரத்துல லேசா மயில் கழுத்து கலர்ல இருந்துச்சு, நான் போய் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு பளபளன்னு ஆக்கிட்டேன், வீட்டுல எல்லாரும் பாராட்டுனாங்க வேற. பத்து வருஷம் கழிச்சு ஒரு பெரியவர்கிட்ட காட்டுனப்ப லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு ஒண்ணுமே பேசாம திருப்பிக் குடுத்தாரு. அந்த கருப்பு தான் டோனிங், வெள்ளி காத்தோட வருஷக்கணக்கா பழகி வர்ற நிறம், அது தான் இந்த காயின யாரும் சொரண்டலங்கிறதுக்கு சாட்சி. தேய்ச்ச காயின்ல லென்ஸ்ல பாத்தா முடி மாதிரி கோடு கோடா ஓடும், விலை சட்டுனு பாதிக்கும் கீழ போயிடும், திரும்பி வரவே வராது. குங்குமம் சந்தனம் அப்பியிருந்தா மட்டும் சாதாரண தண்ணில ஊறப்போட்டு, தேய்க்காம ஒத்தி எடுங்க, போதும்.

அடுத்து எடை. இந்த ஒரு ரூபாக்கு 1835ல இருந்தே கணக்கு ஒண்ணு தான், 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, நம்ம கணக்குல 11.66 கிராம். அரை ரூபா 5.83, கால் ரூபா 2.92ன்னு அதுக்கேத்த மாதிரி எறங்கும். ஆன்லைன்ல கிராமுக்கு ரெண்டு புள்ளி காட்டுற பாக்கெட் தராசு சில நூறு ரூபாக்கு கெடைக்கும், இந்தப் பழக்கத்துக்கு அது ஒண்ணு தான் கட்டாய செலவு, அப்புறம் நகைக்கடைக்காரங்க கண்ணுல மாட்டுற பத்து மடங்கு லென்ஸ். நல்லா தேஞ்ச காயின் 11.4, 11.5 காட்டலாம், அது பரவால்ல. 10.8, 12.3ன்னு வந்தா சந்தேகப்படுங்க. காந்தம் வெச்சும் பாருங்க, வெள்ளி ஒட்டவே ஒட்டாது. 1947 போட்டு பின்னாடி புலி நடக்குற ஒரு ரூபா ஒட்டும், அது நிக்கல், அது ஒரிஜினலா இருந்தாலும் வெள்ளி இல்ல, அதனால பயந்துடாதீங்க.

எடை மட்டும் சரியா இருந்தா பத்தாது, ஏன்னா டூப்ளிகேட் போடுறவனும் தராசு வெச்சிருக்கான். அதுக்கு தண்ணி டெஸ்ட் இருக்கு, காயினுக்கு ஒண்ணும் ஆகாது. தராசு மேல ஒரு சின்ன கப்ல தண்ணி வெச்சு ஜீரோ பண்ணிக்கங்க, காயின தையல் நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி தொங்க விடுங்க, அடியிலயோ பக்கத்துலயோ முட்டக்கூடாது, அப்போ தராசு ஒரு நம்பர் காட்டும். காயின் எடைய அந்த நம்பரால வகுத்தா அடர்த்தி வந்துடும். 1939 வரைக்கும் வந்த ரூபால 91.7 சதவீதம் வெள்ளி, அதுக்கு அடர்த்தி 10.3 பக்கத்துல வரணும், அதாவது 11.66 கிராம் காயினுக்கு தராசு 1.13 மாதிரி காட்டும். 1940ல இருந்து 1945 வரைக்கும் பாதி தான் வெள்ளி, அது 9.5 பக்கத்துல நிக்கும், தராசுல 1.22 மாதிரி. ஜெர்மன் சில்வர்ங்கிற பேருல வெள்ளியே இல்லாத கலவைல வார்த்த டூப்ளிகேட் 8.6, 8.7 பக்கம் வந்துடும், தராசுல 1.34க்கு மேல போகும். நூல்ல காத்துக் குமிழி ஒட்டாம பாத்துக்கங்க, ரெண்டு மூணு தடவ எடுத்து சராசரி போடுங்க. நான் மொத தடவ பண்ணப்ப என் கை நடுங்கி கப் கவுந்து தராசே போச்சு, அதனால பக்கத்துல ரெண்டு புஸ்தகம் அடுக்கி பென்சில் குறுக்க வெச்சு அதுல நூல கட்டித் தொங்க விடுங்க.

இப்போ ரகத்துக்கு வருவோம். எந்த ராஜா எந்த ராணிங்கிறத வெச்சு பிரிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது.

மீச தாடி இல்லாத, கிரீடமும் இல்லாத ஆம்பள தலை, கீழ வருஷம் 1835, அது நாலாவது வில்லியம். ரோமன்ல நாலு எழுதுற மாதிரி இல்லாம நாலு கோடு பக்கத்து பக்கத்துல நிக்கும், அத பாத்துட்டு டூப்ளிகேட்னு தூக்கிப் போட்ட ஆளு எனக்குத் தெரியும், ஒரிஜினலே அப்படித்தான். இதுல ஒரு வேடிக்கை, 1835ன்னு போட்ட காயின் எல்லாம் 1835ல அடிச்சது இல்ல, 1840 வரைக்கும் அதே வருஷத்தையே போட்டு அடிச்சுட்டு இருந்தாங்க. ரகம் பிரிக்கிறது கழுத்து வெட்டுற எடத்துல. லென்ஸ் வெச்சு அந்த ஓரத்த பாத்தீங்கன்னா ஒண்ணு எழுத்தே இருக்காது, இல்ல எஃப்னு ஒரு எழுத்து இருக்கும், இல்ல ஆர்எஸ்னு ரெண்டு எழுத்து இருக்கும். கல்கத்தா தங்கசாலைக்கு, அதாவது காசு அடிக்கிற எடத்துக்கு, தலைமையா இருந்த ராபர்ட் சாண்டர்ஸ், ஃபோர்ப்ஸ் இவங்க பேரோட எழுத்து அது. எஃப் எழுத்துலயே மேல எழும்பி நிக்குறது ஒரு ரகம், உள்ள குழிஞ்சு இருக்குறது ஒரு ரகம். எழும்பினதா குழிஞ்சதான்னு கண்ணுக்கு ஏமாத்தும், அதனால டேபிள் லேம்ப ஒரு பக்கமா படுக்க வெச்சு லைட்ட அடிங்க, அப்புறம் காயின அரை சுத்து சுத்திப் பாருங்க, நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்தா தெரிஞ்சுடும்.

1840ன்னு போட்ட இளம் விக்டோரியா, பின்னாடி ஈஸ்ட் இந்தியா கம்பெனி. இதுல தான் ரகப் பைத்தியம் உச்சத்துக்குப் போகும். முதல்ல முன்பக்க எழுத்த பாருங்க, விக்டோரியா குயின் ரெண்டு வார்த்தையும் தலைக்கு மேல வளைஞ்சு ஒரே ஓட்டமா போனா தொடர் எழுத்து ரகம், விக்டோரியா ஒரு பக்கம் குயின் இன்னொரு பக்கம், நடுவுல தலை பிரிச்சா பிரிஞ்ச எழுத்து ரகம். தொடர் எழுத்து முந்தி வந்தது, பிரிஞ்சது பிந்தி வந்தது, ஆனா ரெண்டுலயும் வருஷம் அதே 1840 தான், 1862ல புது டிசைன் வர்ற வரைக்கும் மாத்தவே இல்ல. கழுத்துக்கடியில டபிள்யூ டபிள்யூன்னு இருந்தா அது அச்சு செதுக்குன வில்லியம் வையன். அப்புறம் பின்பக்கம் இலை மாலை இருக்குல்ல, அதுல குட்டிக் குட்டியா பழம் இருக்கும், அத எண்ணணும். 19, 20, 28, 34, 35ன்னு எண்ணிக்கை மாறும், அதுக்கேத்த மாதிரி ரகமும் மாறும். நேரா காயின பாத்து எண்ணுனீங்கன்னா பன்னெண்டுக்கு மேல கண்டிப்பா தப்பும், போன்ல க்ளோசப் எடுத்து, எடிட் போய், ஒவ்வொரு பழத்து மேலயும் செவப்பு புள்ளி வெச்சுக்கிட்டே வாங்க, அப்புறம் புள்ளிய எண்ணுங்க. தேஞ்ச காயின்ல ரெண்டு மூணு பழம் அழிஞ்சே போயிருக்கும், அப்போ ஒரே அமைப்புல இருக்குற நல்ல காயின் படத்த பக்கத்துல வெச்சு எந்த எடத்துல காணோம்னு பாக்கணும், இல்லன்னா 33 பழம் இருக்குற உலகத்துலயே இல்லாத ரகத்த நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.

சரி, இவ்ளோ எண்ணி என்ன கெடைக்கும்? உண்மைய சொல்லணும்னா பெருசா ஒண்ணும் இல்ல. ரகம் வேற விலை வேறன்னு சொன்னேன்ல, அதுக்கு 1840 தான் உதாரணம். இது கோடிக்கணக்குல அடிச்ச காயின், பழம் ஒண்ணு கூடக்கொறைய இருக்குறதுக்காக மட்டும் அதிகம் குடுக்குறவங்க ரொம்ப கொஞ்சம் பேரு. நல்லா மொகம் தெரியுற, தேய்க்காத 1840, எந்த பழக் கணக்கா இருந்தாலும், அபூர்வ பழக் கணக்கோட மொழுக்குன்னு தேஞ்ச 1840அ விட அதிகத்துக்குப் போகும். ஆனாலும் எண்ணுங்க, ஞாயித்துக்கிழம மத்தியானம் நல்லா போகும்.

1862 வந்தா விக்டோரியாக்கு கிரீடமும் பூப்போட்ட ட்ரெஸ்ஸும் வந்துடும், கம்பெனி பேரு போயிடும், ஏன்னா 1858லயே ஆட்சி கம்பெனி கைல இருந்து அரசாங்கத்து கைக்குப் போயிடுச்சு. இங்கயும் அதே வருஷம் ஒறைஞ்சு போன கதை தான், 1862ங்கிற தேதிய 1873 வரைக்கும் போட்டாங்க, 1874ல இருந்து தான் வருஷா வருஷம் மாத்துனாங்க. ஆனா பம்பாய் தங்கசாலைக்காரங்க ஒரு வேலை பண்ணாங்க, பின்பக்கம் வருஷத்துக்கு மேலயும் கீழயும் குட்டிக் குட்டி புள்ளி வெச்சு, எத்தன புள்ளிங்கிறதுல எந்த வருஷம் அடிச்சதுன்னு மறைச்சு வெச்சாங்க. 1862 ரூபாவ "காமன்"னு சொல்லி மொத்தமா தூக்கிக் குடுத்துடாதீங்கன்னு நான் சொல்றது இதனால தான், அந்த புள்ளிக் கணக்க தேடி தேடி செட்டு சேர்க்குறவங்க நெறைய பேரு இருக்காங்க, சில எண்ணிக்கை மத்தத விட நல்லா கம்மியா கெடைக்கும், அதுக்கு தனி விலை உண்டு. பழத்துக்கு இல்லாத மவுசு புள்ளிக்கு ஏன் இருக்குன்னா, புள்ளி ஒரு வருஷத்த காட்டுது, அதனால செட்டுல அதுக்குன்னு ஒரு காலி எடம் இருக்கு. காலி எடத்துக்கு தான் சேகரிக்கிறவன் காசு குடுப்பான்.

1877ல இருந்து குயினுக்கு பதிலா எம்ப்ரஸ்னு மாறும், 1901 வரைக்கும். பின்பக்கம் அடியில பூவ ஒட்டி பி எழுத்து எழும்பியோ குழிஞ்சோ இருந்தா பம்பாய், சி இருந்தாலோ ஒண்ணுமே இல்லன்னாலோ கல்கத்தா. ஏழாம் எட்வர்ட், 1903ல இருந்து 1910, வழுக்கைத் தலையில கிரீடம் இல்லாம இருப்பாரு, அங்கயும் பின்பக்கம் அடியில குட்டி பி தேடுங்க. எட்வர்ட்ல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, காதுக்கு மேல முடி தெரியுதான்னு மட்டும் பாருங்க, முதல்ல தேயுற எடம் அது தான்.

அஞ்சாம் ஜார்ஜுக்கு வருவோம், எல்லாரும் கேக்குற பன்னி ரூபா இவரு கணக்கு தான். 1911ல வந்த காயின்ல ராஜா போட்டிருக்குற அங்கியில தொங்குற மாலைல ஒரு யானை இருக்கும், துதிக்கை குட்டையா செதுக்கிட்டதால பாக்க பன்னி மாதிரி இருக்குன்னு முஸ்லிம் மக்கள் கொதிச்சுட்டாங்க. அடிச்சது சுமார் 94 லட்சம், வெளிய விட்டது 7 லட்சம் மாதிரி தான், மீதிய நிறுத்தி உருக்கிட்டாங்க. 1912ல இருந்து துதிக்கை நல்லா நீளமா, வாலு தெரியுற மாதிரி, பாத்தா யானைன்னு சத்தியம் பண்ணலாம்ங்கிற அளவுக்கு திருத்திட்டாங்க. அதனால ஒரு சிம்பிள் ரூல், ரூபா 1911ன்னா பன்னி, வேற வருஷம்னா பன்னி கெடையாது, அவ்ளோ தான். 1919 காயின வெச்சுக்கிட்டு "தேஞ்சுபோய் துதிக்கை தெரியல அண்ணே, பன்னி ரூபா தானே"ன்னு கேக்குறாங்க, இல்ல, அது தேஞ்ச யானை. அரை ரூபா, கால் ரூபா, ரெண்டணா இதுலயும் 1911 உண்டு, அத பல பேரு கவனிக்காம விட்டுடுறாங்க. பன்னி ரூபாக்கு கதை பெருசு, அதனால எப்பவும் கிராக்கி உண்டு, ஆனா வீடு வாங்குற விலையெல்லாம் இல்ல, 7 லட்சம் காயின்ங்கிறது ஒண்ணும் கம்மி எண்ணிக்கை இல்லயே.

மத்த ஜார்ஜ் ரூபால பின்பக்கம் அடியில தாமரைக்குக் கீழ ஒரு பொடி புள்ளி இருந்தா பம்பாய், இல்லன்னா கல்கத்தா. 1918, 1919, 1920 மூணும் தான் நம்ம வீடுகள்ல அதிகம், அதுக்கு காரணம் முதல் உலகப்போர். பட்டாளத்துக்கும் சரக்குக்கும் குடுக்க ரூபா பத்தாம வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, அமெரிக்கா 1918ல பிட்மேன் சட்டம்னு ஒண்ணு போட்டு சுமார் 27 கோடி வெள்ளி டாலர உருக்குச்சு, அதுல பெரும்பங்கு இந்தியாக்காக பிரிட்டன்கிட்ட போச்சு. உங்க பாட்டி முந்தானைல முடிஞ்சு வெச்சிருந்த 1919 ரூபா ஒரு காலத்துல அமெரிக்க டாலரா இருந்திருக்கலாம், கேக்க சூப்பரா இருக்குல்ல, ஆனா விலை? வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம், அவ்ளோ தான். அதே ஜார்ஜ்ல 1921, 1922 பாத்தா நிறுத்தி நிதானமா பாருங்க, ரெண்டும் கம்மி, அதுலயும் 1922 நல்லா கம்மி. பாக்க 1920 மாதிரியே இருக்கும், ஒரு நம்பர் தான் வித்தியாசம், குவியல்ல இருந்து பொறுக்குறவங்க மொதல்ல தேடுறது அத தான்.

ஆறாம் ஜார்ஜ் 1938ல ஆரம்பிக்கும். 1938ல புள்ளி வெச்சது, வெக்காதது ரெண்டும் உண்டு, ரெண்டுமே பம்பாய் தான், இங்க மேல சொன்ன ரூல் வேலை செய்யாது. 1940ல இருந்து பாதி வெள்ளி, விளிம்பும் மாறிடும், சாதா பல்லு பல்லா இருந்த விளிம்பு நடுவுல ஒரு வாய்க்கால் மாதிரி ஓட ஆரம்பிக்கும், அது தான் செக்யூரிட்டி விளிம்பு. 1944, 1945ல எல் எழுத்து இருந்தா லாகூர். 1945ல பம்பாய் காயின்ல 5ங்கிற நம்பரே பெருசு ஒண்ணு சிறுசு ஒண்ணுன்னு ரெண்டு ரகம், ரெண்டு காயின பக்கத்துல பக்கத்துல வெச்சா தான் தெரியும், தனியா பாத்தா ரெண்டுமே பெருசா தான் தெரியும்.

நடுவுல ஒரு வருஷம் விட்டுட்டேன்ல, 1939. மொத்த வரிசைலயும் ராஜா இது தான். டிசைன்ல ஒரு விசேஷமும் கெடையாது, 1938 மாதிரியே சாதாவா இருக்கும், ஆனா மிஞ்சினது ரொம்ப ரொம்ப கொஞ்சம், ஏலத்துல வந்தா லட்சங்கள்ல பேசுவாங்க. அதனாலயே இதுக்கு டூப்ளிகேட்டும் நெறைய. நானே மாட்டியிருக்கேன். ஒரு கண்காட்சில ஒருத்தர் டேபிள்ல, பேரு வேண்டாம், பேச்சுக் குடுத்துக்கிட்டே "வீட்டு அவசரம் தம்பி"ன்னு ஒரு 1939அ குடுத்தாரு, நானும் அவரு கஷ்டத்துல லாபம் பாக்குற பேராசைல வாங்கிட்டேன், வீட்டுக்கு வந்து லென்ஸ் வெச்சா 9ங்கிற நம்பர சுத்தி மட்டும் தரை சொரசொரன்னு வேற மாதிரி இருக்கு. 1938ல 8அ செதுக்கி 9 ஆக்கியிருக்காங்க. அதுலருந்து கத்துக்கிட்டது, கடைசி நம்பர சுத்தி இருக்குற பரப்பும் மத்த எடத்துப் பரப்பும் ஒரே மாதிரி மினுங்குதான்னு லைட்ட சாய்ச்சு பாக்கணும், ரெண்டு ஒம்போதும், அதாவது 19ல இருக்குற 9உம் 39ல இருக்குற 9உம், எப்படி வளையுதுன்னு ஒப்பிடணும், விளிம்ப பாக்கணும். 1939க்கு சாதா பல் விளிம்பு, வாய்க்கால் ஓடுனா யாரோ 1940அ மாத்தியிருக்காங்க. வார்ப்புல போட்ட டூப்ளிகேட்டா இருந்தா எழுத்தெல்லாம் சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கி, தரையில பொடிப் பொடி குழி இருக்கும், விளிம்ப சுத்தி ஒரு ஒட்டுக் கோடு தெரியும். இதெல்லாம் தாண்டியும் நல்லா இருந்தா என்ஜிசி, பிசிஜிஎஸ் மாதிரி காயின சோதிச்சு தரம் போடுற கம்பெனிக்கு அனுப்பி டப்பால சீல் போட்டு வாங்குங்க, 1939க்கு அது இல்லாம பெரிய காசு யாரும் தர மாட்டாங்க, நீங்களும் தராதீங்க.

கம்பெனி காலத்து பேருல ராமர் சீதை லட்சுமணன் அனுமார் போட்டு 1818 அரை அணா, 1616 ஒரு அணான்னு எழுதின காயின் இருந்தா அத பூஜைலயே வெச்சுக்கங்க. அப்படி ஒரு காயின கம்பெனி அடிச்சதே இல்ல, கோயில் டோக்கன் மாதிரி பிற்காலத்துல போட்டு வித்தது. அரிசிய இழுக்கும்னு சொல்லி இத வெச்சு தான் ரைஸ் புல்லிங் கும்பல் வேலை காட்டும், அவனுங்க நம்பர் வந்தா பிளாக் பண்ணுங்க.

விலை போடுறது இப்போ. முதல்ல தரைமட்டம் கண்டுபிடிங்க, அதாவது உருக்குனா என்ன வரும்னு. 1939 வரைக்கும் உள்ள ரூபால 10.69 கிராம் சுத்த வெள்ளி, 1940ல இருந்து 5.83 கிராம். அன்னைக்கு வெள்ளி கிராம் விலையால பெருக்குங்க, கணக்குக்கு கிராம் 100 ரூபான்னு வெச்சா பழசு 1,069, புதுசு 583. இந்த விலைக்கு ரொம்பக் கீழ எந்தக் கடைல கேட்டாலும் எழுந்து வந்துடுங்க, சேதாரம் அது இதுன்னு கொஞ்சம் புடிப்பாங்க, ஆனா பாதி விலை கேக்குறது அநியாயம். 1940க்கு மேல உள்ளத பழசு விலைக்கு யாராவது உங்க தலைல கட்டுனாலும் அதே கதை தான்.

அதுக்கு மேல எவ்ளோங்கிறது வருஷம், தங்கசாலை, கண்டிஷன் இந்த வரிசைல. கண்டிஷன்ல நாம தான் நம்மள ஏமாத்திக்குவோம், நம்ம காயின் நமக்கு எப்பவும் புதுசு மாதிரி தான் தெரியும். ஜார்ஜுக்கு புருவம், தாடி, கிரீடத்துல இருக்குற முத்து, அங்கில யானை, விக்டோரியாக்கு ட்ரெஸ் மேல இருக்குற பூ வேலை, இத லென்ஸ்ல பாருங்க. எல்லாம் கூரா இருந்து, காயின சாய்ச்சா வெளிச்சம் சக்கரம் மாதிரி சுத்துனா அது புழங்காத காயின், அது தான் பெரிய காசு. பூ வேலை பாதி தெரிஞ்சா நடுத்தரம். உருவம் மட்டும் தெரிஞ்சா வெள்ளி விலை. ஓட்டை போட்டது, காசு மாலைக்கு வளையம் பத்த வெச்சு அப்புறம் எடுத்தது, சராப்புக்காரங்க, அதாவது அந்தக் காலத்துல காசு மாத்திக் குடுக்குறவங்க, உளி வெச்சு குத்தி சோதிச்ச அடையாளம் இருக்குறது, இதுக்கெல்லாம் நல்ல வருஷமா இருந்தாலும் பாதி கூட வராது. பத்த வெச்ச எடத்த தேய்ச்சு மறைச்சிருப்பாங்க, விளிம்புல பன்னெண்டு மணி எடத்துல பல்லு மொழுங்கி இருக்கான்னு விரல் நகத்தால தடவிப் பாருங்க.

விலைய தேட வேண்டியது விக்கிறவங்க போட்டிருக்குற விலைல இல்ல, வித்து முடிஞ்ச விலைல. யாரு வேணா ஆன்லைன்ல 1919க்கு அஞ்சு லட்சம்னு போடலாம், வாங்குறவன் வரணும்ல. டோடிவாலா, மருதர் ஆர்ட்ஸ், ஓஸ்வால் மாதிரி ஏலக்காரங்க பழைய ஏல முடிவ போட்டு வெச்சிருப்பாங்க, அதே வருஷம், அதே தங்கசாலை, உங்க காயின் மாதிரியே தேஞ்சதா பாத்து மூணு நாலு விலை எடுங்க, ரொம்ப ஏறினதையும் ரொம்ப எறங்கினதையும் விட்டுடுங்க. கேட்டலாக்ல கேஎம்னு ஒரு நம்பர் இருக்கும், ரகத்த தேட அது வசதி, பன்னி ரூபா கேஎம் 523, 1912க்கு மேல 524. ஏலத்துல வந்த விலை உங்க கைக்கு வர்ற விலை இல்லங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கங்க, அதுல கமிஷன் ஒட்டியிருக்கும், டீலர் நேர்ல எடுத்தா அதுல பாதிக்கு மேல கொஞ்சம் சொன்னாலே நியாயமான ஆளுன்னு எடுத்துக்கலாம், அவரு அத ரெண்டு வருஷம் ஷோகேஸ்ல வெச்சிருக்கணும்ல. டீலர்கிட்ட போனா "இது என்ன விலை"ன்னு கேக்காதீங்க, "இத நீங்க எவ்ளோக்கு எடுப்பீங்க, இதே மாதிரி எனக்கு ஒண்ணு வேணும்னா எவ்ளோ"ன்னு ரெண்டு கேள்விய கொஞ்ச நேரம் விட்டு விட்டு கேளுங்க, அந்த இடைவெளியே ஆளு எப்படின்னு சொல்லிடும். சென்னைல இருந்தா மெட்ராஸ் காயின் சொசைட்டி ஆளுங்கள புடிங்க, வயசானவங்க பொறுமையா சொல்லிக் குடுப்பாங்க. தங்கசாலை தெருன்னு பேரு வந்ததே அங்க இருந்த மெட்ராஸ் தங்கசாலையால தான், அத 1869ல மூடிட்டாங்க.

வாட்ஸ்அப்லயும் யூட்யூப்லயும் வைஷ்ணோ தேவி காயினுக்கு பத்து லட்சம், ரிசர்வ் பேங்க்கே வாங்குதுன்னு வர்றத நம்பி "ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ்" கட்டிடாதீங்க. எங்க பேருல யாரும் பழைய காயின் நோட்டு வாங்க கமிஷன் கேட்டா நம்பாதீங்கன்னு ரிசர்வ் பேங்க்கே 2021 ஆகஸ்ட்ல அறிக்கை விட்டுச்சு. வாங்குறவன் உங்ககிட்ட காசு கேக்க மாட்டான், இதுக்கு மேல அதப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல.

சட்டம் ரெண்டு வரி. நூறு வருஷம் தாண்டின காயின் 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, அதனால துபாய்ல இருக்குற மச்சானுக்கு பன்னி ரூபாவ கூரியர்ல போடாதீங்க, 1920 ரூபா கூட இப்போ அந்தக் கணக்குல வந்துடுச்சு. வீடு இடிக்கும்போதோ தோட்டம் கொத்தும்போதோ மண்ணுக்குள்ள பானைல கெடைச்சா அது வேற, பத்து ரூபாக்கு மேல மதிப்பிருந்தா கலெக்டர்கிட்ட சொல்லணும்னு 1878லயே சட்டம் இருக்கு.

கடைசியா பத்திரமா வெக்கிறது. கடைல விக்கிற வழவழ பிளாஸ்டிக் ஆல்பத்துல போடாதீங்க, பிவிசி வாடை அடிக்கும் பாருங்க, நம்ம ஊரு புழுக்கத்துக்கு ரெண்டு வருஷத்துல காயின் மேல பச்சையா பிசுபிசுன்னு ஒண்ணு படியும். அட்டை ஹோல்டர் வாங்கி அதுல போட்டு, வருஷம், தங்கசாலை, எடை, தண்ணி டெஸ்ட்ல வந்த நம்பர், பழமோ புள்ளியோ எத்தனன்னு அட்டை மேல பேனாவால எழுதிடுங்க, எழுதி முடிச்சுட்டு அப்புறமா காயின உள்ள போடுங்க. போட்டு எழுதுனா பேனா அழுத்தி மொகத்துல கோடு விழும், அது எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.